ஆர்சனலின் ஆகச் சிறந்தவர் யார்? கோலுக்கு முந்தைய பாஸையும் சேர்த்துச் சொல்லுங்கள்

பத்தாம் நம்பர்

ஆர்சனல் கால்பந்து அணியின் ஆகச் சிறந்தவர் யார் என்ற இந்தக் கேள்வியை நாம் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் தியரி ஹென்றியின் 228 கோலில் ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடுகிறது. இந்த முறை வேறு வழியாகப் போய்ப் பார்க்கலாம்.

நேற்று இரவு 2001 டிசம்பரில் நம் பழைய மைதானமான ஹைபரியில் நடந்த யுவென்டஸ் ஆட்டத்தை மறுபடி பார்த்தேன். 3-1 என்று ஜெயித்தோம். மூன்றாவது கோல் ஃப்ரெடி லுங்பெர்க் பெயரில் இருக்கிறது. ஆனால் அந்தக் கோலை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பெனால்டி பாக்ஸின் விளிம்பில் டென்னிஸ் பெர்க்காம்பிடம் பந்து. அவரைச் சுற்றி யுவென்டஸ் டிஃபெண்டர்கள். அவர் ஒரு பக்கம் திரும்புகிறார், உடனே மறுபக்கம் திரும்புகிறார், பந்தைக் காலை விட்டு நகரவே விடவில்லை. பார்க்கிற நமக்குப் பொறுக்கவில்லை, "கொடுத்துவிடு, கொடுத்துவிடு" என்று வாய் முணுமுணுக்கிறது. அவர் கொடுக்கவில்லை. ஏனென்றால் லுங்பெர்க் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. லுங்பெர்க்கின் கால் கிளம்பியதும் ஒரு சின்னத் தட்டு. அவ்வளவுதான். பந்து டிஃபெண்டர்களின் நடுவே புகுந்து லுங்பெர்க்கின் காலடிக்குப் போகிறது. யுவென்டஸ் கோல்கீப்பர் புஃபோன் முன்னால் பாய்ந்து வருகிறார், பந்து அவர் மேலே ஏறிப் போய்விடுகிறது.

இருபது வருடத்துக்கும் மேலாக அந்தக் கோலை நான் லுங்பெர்க்கின் கோல் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்றுதான் உறைத்தது.

ஆகவே இந்த இழைக்கு ஒரே ஒரு விதி. உங்கள் கணக்கில் ஆர்சனலின் ஆகச் சிறந்தவர் யார், மறக்க முடியாத ஆட்டத் தருணம் எது என்று சொல்லுங்கள். ஆனால் அந்தத் தருணத்தில் பந்தைக் கொடுத்தவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் பதில் பெர்க்காம்ப். 423 ஆட்டங்கள், 120 கோல்கள். எண்ணிக்கையில் பார்த்தால் ஹென்றிக்குப் பக்கத்தில்கூட வர மாட்டார். ஆனால் ஆர்சனல் எப்படி ஆட வேண்டும் என்று நாம் இன்று எதிர்பார்க்கிறோமோ, அந்த எதிர்பார்ப்பே 1995-ல் அவர் வந்த பிறகு பிறந்ததுதான்.

பதினாலு

அண்ணா, விதியையே பெர்க்காம்புக்குத் தோதாக எழுதிவிட்டீர்கள். சரி, உங்கள் விதிப்படியே வருகிறேன்.

2002-03 சீசன். லீகில் ஹென்றி அடித்தது 24 கோல். அதே சீசனில் அவர் கொடுத்த அசிஸ்ட், அதாவது கோலுக்கான கடைசி பாஸ், 20. பிரீமியர் லீகில் ஒரே சீசனில் 20 அசிஸ்ட் கொடுத்த முதல் ஆள் அவர்தான். அதற்கப்புறம் கெவின் டி ப்ரய்னே 2019-20-ல்தான் அந்த எண்ணைத் தொட்டார், அவர் மிட்ஃபீல்டர். ஒரு ஸ்ட்ரைக்கர் 24 கோலும் அடித்துவிட்டு 20 கோலுக்குப் பந்தும் கொடுத்திருக்கிறார் என்றால், "கோல் அடித்தவரை மட்டும் பார்க்காதீர்கள்" என்ற உங்கள் அளவுகோலிலும் முதலில் நிற்பது அவர்தானே?

என் தருணம் 2000 அக்டோபர் 1, மான்செஸ்டர் யுனைடெட். கோல்போஸ்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பின்னால் டெனிஸ் இர்வின் ஒட்டிக்கொண்டிருக்கிறார். வந்த பந்தைக் காலால் மேலே கிளப்பி, திரும்பி, அது தரையைத் தொடும் முன் வாலி. பந்து யுனைடெட் கோல்கீப்பர் பார்த்தேஸின் தலைக்கு மேலே போய் வலையில் விழுகிறது. 1-0. கோல்போஸ்டைப் பார்க்காமலே எங்கே அடிக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்த கோல் அது.

பாஸ் கொடுத்தவர் ஜில் கிரிமாண்டி. டிஃபென்ஸில் எந்த இடத்தில் ஓட்டை விழுந்தாலும் அங்கே போய் நின்ற மனிதர். அந்தப் பாஸில் விசேஷம் எதுவும் கிடையாது, சாதாரணப் பாஸ். அதை அப்படி ஒரு கோலாக்கியது ஹென்றி. இதையும் யோசியுங்கள். நல்ல பாஸ் கோலை உண்டாக்குகிறது என்கிறீர்கள். சாதாரணப் பாஸையும் நல்ல பாஸாக்குகிறவனை என்ன சொல்வீர்கள்?

கிளாக் எண்ட்

இந்த விதி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் நம் வரலாற்றின் ஆகப் பெரிய கோலை இந்த விதி இல்லாமல் புரிந்துகொள்ளவே முடியாது.

1989 மே 26, லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டு. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். லீகின் கடைசி ஆட்டம். லிவர்பூல் முதலிடம், நாம் மூன்று புள்ளி பின்னால். வெறும் வெற்றி போதாது, இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் கோப்பை. ஹில்ஸ்பரோவில் லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்த துயரத்தால் தள்ளிப்போன ஆட்டம் அது. நம் வீரர்கள் ஆட்டத்துக்கு முன் பூங்கொத்துகளோடு வந்து ரசிகர்களிடம் கொடுத்தார்கள். ஒரு கோப்பைக்காக மோத வந்த அணி முதலில் அதைச் செய்தது என்பதை நான் எப்போதும் பெருமையாக நினைப்பேன்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஆலன் ஸ்மித் தலையால் ஒரு கோல். நைஜல் விண்டர்பர்ன் போட்ட மறைமுக ஃப்ரீ கிக். பந்து ஸ்மித்தின் தலையில் பட்டதா இல்லையா என்று லிவர்பூல் வீரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் லைன்ஸ்மேனிடம் போய்ப் பேசிவிட்டு கோல் என்று கொடுத்தார். அதன் பிறகு எவ்வளவோ முயன்றும் இரண்டாவது கோல் வரவில்லை. 90 நிமிடம் முடிந்தது. லிவர்பூலின் ஸ்டீவ் மக்மாஹன் ஒரு விரலைத் தூக்கி, இன்னும் ஒரே நிமிடம்தான் என்று தன் ஆட்களுக்குக் காட்டுகிறார்.

இப்போது பந்து நம் கோல்கீப்பர் ஜான் லூகிச் கையில். அந்த நேரத்தில் எந்தக் கோல்கீப்பரும் என்ன செய்வார்? ஓங்கி உதைத்து முன்னால் அனுப்புவார். லூகிச் உதைக்கவில்லை. வலது பக்கம் லீ டிக்சனுக்குக் கையால் எறிந்தார். டிக்சன் நீளமாக முன்னால் அனுப்பினார். ஸ்மித் அதை நிறுத்தி, திரும்பி, ஓடி வந்த மைக்கேல் தாமஸுக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்தார். தாமஸ் வாங்கிய பந்து ஸ்டீவ் நிகோல் மேல் பட்டுத் திரும்பி அவர் முன்னாலேயே விழுந்தது. அப்புறம் தாமஸ் அவசரப்படவே இல்லை. லிவர்பூல் கோல்கீப்பர் க்ரோபலார் கீழே சாயும்வரை பொறுத்திருந்து, மேலாகத் தட்டிவிட்டார். 2-0. இரு அணிக்கும் 76 புள்ளி, கோல் வித்தியாசமும் சமம். நாம் அடித்தது 73, அவர்கள் அடித்தது 65. அதில் கோப்பை நமக்கு வந்தது.

யார் ஆகச் சிறந்தவர் என்று கேட்டால், அந்த இரவுக்கு மட்டும் என் ஓட்டு ஆலன் ஸ்மித்துக்கு. முதல் கோல் அவருடையது, இரண்டாவது கோலுக்கான பாஸும் அவருடையது. ஆனால் எல்லோர் நினைவிலும் நிற்பது தாமஸ். அதில் தப்பில்லை. தாமஸைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோலுக்குப் பிறகும் சில நொடி ஆட்டம் பாக்கி இருந்தது. லிவர்பூல் வெறியோடு முன்னால் வருகிறது. நம் பாக்ஸுக்குள் அந்தப் பந்தைப் பறித்ததும் தாமஸ்தான். யாராக இருந்தாலும் கேலரிக்கு உதைத்திருப்பார்கள். அவர் நிதானமாக லூகிச்சுக்கே திருப்பிக் கொடுத்தார். கோலை நூறு முறை பார்த்திருப்பீர்கள். அந்த பேக் பாஸை ஒரு முறை பாருங்கள்.

பீரங்கி 49

அந்த பேக் பாஸ் பற்றி இதுவரை எனக்குத் தெரியாது. இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. நன்றி ஐயா.

வலது பேக்

டோனி ஆடம்ஸ் பெயர் இன்னும் வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

669 ஆட்டங்கள், எல்லாமே ஆர்சனலுக்காக. 21 வயதில் கேப்டன். 1989, 1991, 1998, 2002 என்று மூன்று வெவ்வேறு பத்தாண்டுகளில் லீக் கோப்பையைத் தூக்கிய கேப்டன். ஹென்றியும் பெர்க்காம்பும் வந்து ஆடிய வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டது யார்?

தருணம்: 1998 மே 3, எவர்டன், ஹைபரி. ஏற்கெனவே 3-0, கோப்பை நமக்கு உறுதி. கடைசி நிமிடங்கள். நடுக்களத்தில் பந்து ஒரு சென்டர் பேக்கிடம் இருக்கிறது, ஸ்டீவ் போல்டு. அவர் டிஃபென்ஸுக்கு மேலாக ஒரு பந்தைத் தூக்கிவிடுகிறார். அதை நோக்கி ஓடுகிறவர் இன்னொரு சென்டர் பேக், ஆடம்ஸ். நெஞ்சில் வாங்கி, இடது காலால் வாலி. கோல். பிறகு கையை விரித்துக்கொண்டு வடக்கு முனை ரசிகர்கள் முன்னால் அப்படியே நிற்கிறார். துள்ளவில்லை, ஓடவில்லை.

பாஸ் போல்டு, கோல் ஆடம்ஸ். பல வருடம் ஆஃப்சைடுக்காகக் கையைத் தூக்கிக்கொண்டு பின்வரிசையில் நின்ற இரண்டு பேர். பயிற்சியாளர் ஆர்சன் வெங்கர் வந்து இரண்டு வருடத்துக்குள் அந்த இருவரும் இப்படி ஒரு கோல் போட்டார்கள் என்றால், அவர் என்ன மாற்றினார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்த 1998 கோப்பையைப் பற்றிப் பேசும்போது அலெக்ஸ் மன்னிங்கரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. டேவிட் சீமன் காயம்பட்டு வெளியே இருந்தபோது வந்த பையன். லீகில் தொடர்ந்து ஆறு ஆட்டம் ஒரு கோலும் விடவில்லை. அதில் ஒன்று மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில், மார்க் ஓவர்மார்ஸ் கோலில் 1-0 என்று ஜெயித்த ஆட்டம். பதக்கத்துக்குத் தேவையான எண்ணிக்கையில் அவர் ஆடவில்லை, ஆனாலும் விதியைத் தளர்த்திக் கொடுத்தார்கள். பின்னாளில் ஒரு விபத்தில் போய்விட்டார். ஆகச் சிறந்தவர் பட்டியலில் அவரை யாரும் சேர்க்க மாட்டார்கள், நானும் சேர்க்கவில்லை. ஆனால் அந்த ஆறு ஆட்டம் இல்லாமல் அந்தக் கோப்பை இல்லை.

பத்தாம் நம்பர்

வலது பேக், மன்னிங்கரை நினைவில் வைத்து எழுதியதற்கு நன்றி.

பதினாலு தம்பிக்கு: 20 அசிஸ்ட் கணக்கை நான் மறுக்கவே இல்லை. ஹென்றி பெரிய பாஸரும்தான். ஆனால் நீ கேட்ட அந்தக் கடைசிக் கேள்வி, சாதாரணப் பாஸை நல்ல பாஸாக்குகிறவனை என்ன சொல்வது என்றாயே, அதற்கு என் பதில் 2002 மார்ச் 2, நியூகாஸில்.

பாஸ் கொடுத்தவர் ராபர்ட் பிரெஸ். தரையோடு வந்த பந்து, பெர்க்காம்புக்குச் சற்றுப் பின்னால் வருகிறது. அவர் பாக்ஸ் விளிம்பில், கோல்போஸ்டுக்கு முதுகைக் காட்டியபடி. முதுகில் நியூகாஸில் டிஃபெண்டர் டாபிஸாஸ். பெர்க்காம்ப் இடது காலால் பந்தை ஒரு பக்கம் தட்டிவிட்டு, மறுபக்கமாகத் தான் சுழல்கிறார். டாபிஸாஸுக்கு ஒரு நொடி எதைப் பார்ப்பது, பந்தையா ஆளையா என்றே தெரியவில்லை. அவர் திரும்பும்போது பெர்க்காம்ப் அந்தப் பக்கம் போய்ப் பந்தோடு சேர்ந்துவிட்டார். தோளால் லேசாகத் தடுத்துக்கொண்டு, வலது காலின் உட்புறத்தால் கோல்கீப்பர் ஷே கிவனைத் தாண்டி உருட்டிவிட்டார். எல்லாம் முடிய இரண்டு மூன்று நொடிதான்.

கிரிமாண்டி கொடுத்த பந்தை ஹென்றி கோலாக்கினார். பிரெஸ் கொடுத்த பந்தை பெர்க்காம்ப் வேறு ஏதோவாகவே ஆக்கினார். அதற்கு முன்னால் யாரும் அப்படித் திரும்பி நான் பார்த்ததில்லை.

பதினாலு

அந்தக் கோலை எனக்கும் பிடிக்கும். ஆனால் மனசாட்சியோடு சொல்லுங்கள், அவர் நினைத்துத்தான் செய்தாரா? நிறுத்தப் பார்த்த பந்து காலில் பட்டு அந்தப் பக்கம் போனது, பிறகு ஓடிப் பிடித்தார் என்றே எனக்குத் தோன்றும்.

இன்னொரு விஷயம். அவர் விமானம் ஏற மாட்டார். ஐரோப்பியப் போட்டிகளில் தூரத்து ஆட்டங்கள் பலவற்றுக்கு அவர் வரவே இல்லை. ஆகச் சிறந்தவர் என்றால் எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். 2006-ல் மாட்ரிட்டில் போய் ரியால் மாட்ரிட்டின் நடுவே ஓடி கோல் போட்டு 1-0 என்று ஜெயித்துக் கொடுத்தது ஹென்றி.

கிளாக் எண்ட்

தம்பி, அது தவறி நடந்தது என்று சொல்ல முடியாது. அவருடைய உடம்பைப் பார். காலில் பந்து படும் முன்பே இடுப்பு மறுபக்கம் திரும்பத் தொடங்கிவிட்டது. பந்தை நிறுத்தப் போகிறவன் பந்து போகும் திசையில்தான் சாய்வான். இவர் அதற்கு எதிர்த்திசையில் கிளம்புகிறார். பந்து எங்கே போகும் என்று தெரியாதவன் அப்படிக் கிளம்ப மாட்டான்.

விமானப் பயம் பற்றி நீ சொன்னது நியாயமான குறைதான், அதை நான் தட்டவில்லை. வந்த ஆட்டங்களில் அவர் என்ன செய்தார் என்றுதான் நான் பார்ப்பேன்.

இரவு ரசிகை

எல்லோரும் ஆண்கள் அணியையே பேசுகிறீர்கள். "ஆர்சனலின் ஆகச் சிறந்தவர்" என்று தலைப்பில் இருக்கிறதே, அதனால் கேட்கிறேன், நம் பெண்கள் அணியில் ஆடிய விவியான் மீடமா எங்கே?

பத்தாம் நம்பர் அண்ணா, உங்கள் விதிக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. 2019 டிசம்பர் 1, பிரிஸ்டல் சிட்டியை 11-1 என்று வென்ற ஆட்டம். மீடமா அடித்தது ஆறு கோல். பந்து கொடுத்தது நான்கு கோலுக்கு. பதினொன்றில் பத்தில் அவர் கால் இருக்கிறது. முழு ஆட்டம்கூட ஆடவில்லை, இடையில் வெளியே அழைத்துவிட்டார்கள். கோல் அடிப்பவர் வேறு, கொடுப்பவர் வேறு என்று பிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் அன்றைக்கு இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்துவிட்டுப் போனார்.

தருணம் என்றால் எனக்கு 2025 மே 24, லிஸ்பன். சாம்பியன்ஸ் லீக் இறுதி, எதிரே பார்சிலோனா. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் அந்தக் கோப்பை அவர்களிடம்தான். நாம் ஜெயிப்போம் என்று சொன்னவர்கள் குறைவு. ஆனால் அரையிறுதியிலேயே நம் பெண்கள் காட்டிவிட்டார்கள். சொந்த மைதானத்தில் லியோனிடம் 1-2 என்று தோற்று, பிறகு அங்கே போய் 4-1 என்று வென்று வந்த அணி அது.

இறுதி ஆட்டத்தை நள்ளிரவு நெருங்கும் நேரம், எல்லோரும் தூங்குகிறார்கள் என்று ஒலியே இல்லாமல் பார்த்தேன். இரண்டாம் பாதியில் பெத் மீடும் ஸ்டினா பிளாக்ஸ்டெனியஸும் சேர்ந்து உள்ளே வந்தார்கள். 74-வது நிமிடம். பாக்ஸுக்குள் மீடுக்குப் பந்து வருகிறது. அடிக்கலாம். அடிக்கவில்லை. சின்னதாக ஒரு பாஸ், பிளாக்ஸ்டெனியஸ் ஒரு டச், அடுத்தது கோல். 1-0. மிச்சமிருந்த நேரம் முழுவதும் தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றபடி பார்த்தேன், உட்கார முடியவில்லை. 2007-க்கு அப்புறம் ஐரோப்பியக் கோப்பை. அப்போதும் சரி, 2025-லும் சரி, அந்தக் கோப்பையை வென்ற ஒரே இங்கிலாந்துப் பெண்கள் அணி நாம்தான்.

மறுநாள் எல்லா இடத்திலும் பிளாக்ஸ்டெனியஸ் படம். நியாயம்தான். ஆனால் அந்தப் பாஸைக் கொடுத்த மீடு, முழங்கால் தசைநார் அறுந்து பல மாதம் வெளியே கிடந்து திரும்பி வந்தவர். அடிக்கிற தூரத்தில் பந்து கிடைத்தும், தன்னைவிட நல்ல இடத்தில் இன்னொருத்தி இருக்கிறாள் என்று பார்த்தாரே, அதுதான் என் தருணம்.

வலது பேக்

இரவு ரசிகை சொன்னது சரி. தலைப்பில் ஆண்கள் அணி என்று எங்கேயும் இல்லை. மீடமா பெயர் முதல் பக்கத்திலேயே வந்திருக்க வேண்டும்.

பீரங்கி 49

நான் கேட்கும் பெயரை யாரும் ஏற்க மாட்டீர்கள் என்று தெரிந்தே கேட்கிறேன். ஒலிவியே ஜிரூ.

2014 எஃப்.ஏ. கோப்பை இறுதி. பத்து நிமிடம் முடிவதற்குள் ஹல் சிட்டி 2-0. ஒன்பது வருடமாக ஒரு கோப்பையும் இல்லாத அணி நாம். சாந்தி கசோர்லா ஃப்ரீ கிக்கில் ஒன்று, கோசியெல்னி ஒன்று. கூடுதல் நேரத்தில் ஆரன் ராம்சி வெற்றி கோல். அந்த ஒன்பது வருடத்தின் பாரம் இறங்கியது ராம்சியின் காலால்தான். ஆனால் அவருக்குப் பந்தைப் பின்னங்காலால் தட்டிக் கொடுத்தது ஜிரூ.

2017 இறுதி, செல்சி. அவர்கள் 1-1 என்று சமன் செய்த சில நிமிடங்களில் ஜிரூ மாற்று வீரராக உள்ளே வருகிறார். வந்த வேகத்தில் இடது பக்கமிருந்து ஒரு கிராஸ், ராம்சி தலையால் முட்டுகிறார், 2-1, கோப்பை. இரண்டு இறுதி, இரண்டு வெற்றி கோல், அடித்தது ஒரே ஆள், கொடுத்ததும் ஒரே ஆள்.

2013 அக்டோபரில் நார்விச்சுக்கு எதிராக வில்ஷெர் போட்ட கோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கசோர்லா, வில்ஷெர், ஜிரூ மூவரும் ஒற்றை டச்சில் மாற்றி மாற்றிக் கொடுத்த அந்தக் கோலில் கடைசித் தட்டு ஜிரூவுடையது. அவர் ஆகச் சிறந்தவர் இல்லை. ஆனால் அவரை வேகமில்லாதவர் என்று ஆறு வருடம் குறை சொன்ன நாம் ஒரு முறையாவது இதைச் சொல்ல வேண்டும்.

பதினாலு

ஜிரூ விஷயத்தில் நானும் குறை சொன்னவன்தான். ஏற்றுக்கொள்கிறேன்.

ஹென்றியை விட்டுக்கொடுக்க மட்டும் முடியாது. 2012 ஜனவரி 9, எஃப்.ஏ. கோப்பை, லீட்ஸ். மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. உள்ளே அவரே மாற்று வீரராக வருகிறார். பத்து நிமிடம். அலெக்ஸ் சாங் ஒரு பாஸ். இடது பக்கமிருந்து உடம்பைத் திறந்து, தூரத்து மூலைக்கு உள்காலால். பழைய ஹென்றி நூறு முறை போட்ட அதே கோல். அதன் பிறகு அவர் முகத்தைப் பாருங்கள். முதல் முறை கோல் அடித்த சின்னப் பையன் மாதிரி நெஞ்சில் அடித்துக்கொண்டு வெங்கரிடம் ஓடுகிறார். அன்றைக்கு அவர் வீரராக இல்லை, நம்மில் ஒருவராக இருந்தார்.

ஆர்சனலுக்கான அவரது கடைசி கோல் அதற்கு அடுத்த மாதம், சண்டர்லாந்தில். கொடுத்தவர் ஆண்ட்ரே அர்ஷாவின். ரசிகர்கள் அர்ஷாவின் மேல் பொறுமை இழந்திருந்த நேரம் அது. 228-வது கோலுக்குப் பந்து அவரிடமிருந்து வந்தது என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

ஹைபரி மண்

விதியை உடைக்கும் ஒன்றைச் சொல்லட்டுமா? 1999 அக்டோபர், செல்சியின் மைதானமான ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ், மழை. 2-0 பின்தங்கியிருந்தோம். கடைசிக் கால் மணி நேரத்தில் கானு மூன்று கோல். மூன்றாவதற்குப் பாஸ் கொடுத்தவர் யாருமே இல்லை. செல்சி டிஃபெண்டர் வெளியேற்றப் பார்த்த பந்தைக் கானுவே காலை நீட்டித் தடுத்தார். இடது ஓரம்வரை துரத்தி வந்த கோல்கீப்பரை ஏமாற்றிவிட்டு, கோல்லைனுக்குப் பக்கத்தில் கோணமே இல்லாத இடத்திலிருந்து மேல் மூலைக்கு வளைத்தார். எல்லோரும் கிராஸ் போடுவார் என்று நினைத்த இடம்.

என் பதில் கானு இல்லை, பாட்ரிக் வியேரா. காரணம் இரண்டு கோல்.

ஒன்று, 2004 மே 15, லெஸ்டர். சீசனின் கடைசி ஆட்டம், 37 ஆட்டம் தோற்காமல் வந்திருக்கிறோம். பாதி நேரத்தில் 0-1. ஹென்றி பெனால்டியில் சமன். பிறகு பெர்க்காம்ப் டிஃபென்ஸைப் பிளந்து ஒரு பாஸ், வியேரா கோல்கீப்பரைச் சுற்றிப் போய்ப் போட்டார். 26 வெற்றி, 12 டிரா, தோல்வி இல்லை. அந்தச் சீசனை முடித்து வைத்த கோல்.

மற்றது அதற்கு மூன்று வாரம் முன்னால், ஏப்ரல் 25, டாட்டன்ஹாம் மைதானம். ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடம். கார்னர் அவர்களுக்கு. நம் ஆட்கள் பின்னால் நிற்கிறார்கள், வியேராவும் அங்கேதான். பந்து வெளியே வருகிறது, நம் பாதியில் ஹென்றி எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். கேமரா ஹென்றியையே தொடர்கிறது. இடது பக்கம் பெர்க்காம்புக்குக் கொடுக்கிறார். பெர்க்காம்ப் கோல் முன்னால் தாழ்வாக அனுப்புகிறார். அப்போதுதான் சட்டகத்துக்குள் ஒரு நீளக் கால் நுழைகிறது. மைதானத்தின் அந்த முனையிலிருந்து இந்த முனைவரை பந்தைத் தொடாமலே ஓடி வந்த கேப்டன், சறுக்கிக்கொண்டு வந்து முடிக்கிறார். 2-2 என்று முடிந்த அந்த ஆட்டத்தில்தான் கோப்பை நமக்கு உறுதியானது, அதுவும் அவர்கள் மைதானத்தில்.

பாஸைப் பற்றியே பேசுகிறோம். போய்ச் சேர ஒருவன் அங்கே இல்லாவிட்டால் பெர்க்காம்ப் யாருக்கு அனுப்பியிருப்பார்?

பத்தாம் நம்பர்

ஹைபரி மண் சொன்னதைப் படித்ததும் அந்த டாட்டன்ஹாம் கோலை எடுத்து ஐந்து முறை ஓட்டிப் பார்த்தேன். இந்த முறை பெர்க்காம்பையும் பார்க்கவில்லை, ஹென்றியையும் பார்க்கவில்லை. வியேராவை மட்டும் தேடினேன். நடுவில் சில நொடி அவர் திரையிலேயே இல்லை. அந்த நேரம் முழுவதும் அவர் ஓடிக்கொண்டிருக்கிறார். பந்து தனக்கு வரும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

யுவென்டஸ் கோலில் லுங்பெர்க் ஓடியதும் அதே மாதிரிதான் என்று இப்போது தோன்றுகிறது. முதல் பதிவில் அதைப் பெர்க்காம்பின் கோல் என்று எழுதினேன். லுங்பெர்க்குக்கு அங்கே பாதியாவது திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

என் ஓட்டு பெர்க்காம்புக்குத்தான், அது மாறாது. ஆனால் ஒரே ஒரு கோலை மட்டும் எடுத்துவை என்றால், இனி நியூகாஸில் இல்லை, இந்த மூன்றாவது நிமிடம்தான்.

பதினாலு

அண்ணா, அந்தக் கோலில் பாதி மைதானம் பந்தைக் கொண்டுபோனது ஹென்றி. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.